நீதிபதி பாடம் எடுக்கலாம், மேடை யாருடையது?

ஒரு தனியார் கல்லூரியில் சனிக்கிழமை மாலை பட்டமளிப்பு விழா. சிறப்பு விருந்தினர் உயர் நீதிமன்ற நீதிபதி. குத்துவிளக்கு, பொன்னாடை, குழுப் புகைப்படம் எல்லாம் முறைப்படி நடக்கின்றன. பத்து நாள் கழித்து, அந்தக் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையின் நில வழக்கு அதே நீதிபதியின் பட்டியலில் வருகிறது. யாரோ ஒருவர் புகைப்படத்தையும் வழக்குப் பட்டியலையும் ஒன்றாக ஒட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்.

இது கற்பனைக் காட்சி. ஆனால் இந்த மாதிரிப் படம் எப்போது சுற்றினாலும் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடுகிறது. நீதிபதி கோர்ட்டைத் தாண்டி எங்கும் போகவே கூடாது என்கிறது ஒரு கட்சி. பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொன்னதில் என்ன தப்பு என்கிறது மற்றது. விதிகளைப் படித்தால் இரண்டுமே சரியில்லை என்பது தெரியும்.

எந்த விதி, யாருக்கு?

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வழக்கு கேட்பது, தீர்ப்பு எழுதுவது, நீதிமன்ற நிர்வாகம் பார்ப்பது ஆகியவை நீதிப் பணி. வகுப்பெடுப்பது, கருத்தரங்கில் பேசுவது, மாணவர்கள் வாதிடப் பழகும் மாதிரி நீதிமன்றமான மூட் கோர்ட்டில் நடுவராக அமர்வது, நூல் எழுதுவது, பயிற்சிக்குப் போவது எல்லாம் புறப் பணி. தன்னிடம் வந்த வழக்கை 'நான் கேட்பது சரியாக இருக்காது' என்று நீதிபதி திருப்பி அனுப்புவது விலகல். புறப் பணி பற்றிய கேள்விகள் பெரும்பாலும் விலகல் மனுவாகத்தான் நீதிமன்றத்துக்குள் வருகின்றன.

உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கான அடிப்படை ஆவணம், 1997 மே 7 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் முழுக்கூட்டமாக ஏற்றுக்கொண்ட 'நீதித்துறை வாழ்வின் விழுமியங்கள்'. மொத்தம் 16 அம்சங்கள். இது சட்டமல்ல, நீதிபதிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. இதற்குச் சட்ட வடிவம் கொடுக்க 2010-ல் கொண்டுவரப்பட்ட நீதித்துறைத் தரநிலை மற்றும் பொறுப்புடைமை மசோதா 2012-ல் மக்களவையில் நிறைவேறியது; மாநிலங்களவையைத் தாண்டாமல் 2014-ல் காலாவதியானது.

மாவட்ட நீதிமன்றங்களில் இருப்பவர்களின் நிலை வேறு. அரசியலமைப்பின் 235-வது பிரிவு அவர்களை உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் வைக்கிறது. நடத்தை விதி, முன் அனுமதி, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அவர்களுக்கு உண்டு. சுருங்கச் சொன்னால், செங்கல்பட்டில் இருக்கும் மாவட்ட நீதிபதி ஒரு கல்லூரியில் பேச அனுமதி கேட்டு எழுதுவார். பாரிமுனைச் சிவப்புக் கட்டடத்தில், அதாவது சென்னை உயர் நீதிமன்றத்தில், இருப்பவர் தன் மனச்சாட்சியிடமும், சந்தேகம் வந்தால் தலைமை நீதிபதியிடமும் கேட்டுக்கொள்வார்.

உலக அளவில் நீதிபதிகளின் நடத்தைக்கென 2002-ன் பெங்களூர் கோட்பாடுகள் இருக்கின்றன. 2001-ல் பெங்களூரில் வரைவு தயாரானதால் இந்தப் பெயர். அடுத்த ஆண்டு ஹேக் நகரில் இறுதி வடிவம் பெற்றது. அதன் 4.11-வது விதி நேராகவே பேசுகிறது: நீதிப் பணி கெடாத வரையில் நீதிபதி சட்டம், நீதி நிர்வாகம் தொடர்பாக எழுதலாம், உரையாற்றலாம், கற்பிக்கலாம். ஆக, கற்பிக்கலாமா என்ற கேள்விக்கு விடை முடிந்துபோன ஒன்று.

சில பொறுப்புகள் சட்டப்படியே நீதிபதியின் தலையில் ஏறுகின்றன. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் வேந்தர் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி. 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி மாநில ஆணைக்குழுவின் புரவலரும் அவரே. அந்த ஆணைக்குழு நடத்தும் சட்ட விழிப்புணர்வு முகாமிலோ, ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் மாநில நீதித்துறைப் பயிற்சியகத்திலோ நீதிபதி பேசினால் அதைப் புறப் பணி என்றே சொல்ல வேண்டியதில்லை. பிரச்சினை எழுவது தனியார் அழைப்பில்தான்.

நான்கு கேள்விகள்

1. மேடை யாருடையது?

இதில்தான் மிக அதிகம் இடறுகிறார்கள். மூன்று வகை மேடைகளைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது சுயநிதிக் கல்லூரி. சென்னையைச் சுற்றியுள்ள பொறியியல், மருத்துவக் கல்லூரி அறக்கட்டளைகளுக்கு நீதிமன்றம் புதிய இடமல்ல. கட்டண நிர்ணயம், இணைப்பு அங்கீகாரம், சேர்க்கை, நீர்நிலைப் புறம்போக்கு, சொத்து வரி என்று ஏதாவது ஒரு மனு எப்போதும் நிலுவையில் இருக்கும். ஒரே குழுமம் நாலு அறக்கட்டளைப் பெயர்களில் இயங்குவதும் உண்டு. அழைப்பிதழில் இருக்கும் பெயரை வைத்துத் தேடினால் வழக்கு எதுவும் அகப்படாது. அறங்காவலர் பெயரில் தேடினால் அகப்படும்.

இரண்டாவது அறக்கட்டளைச் சொற்பொழிவு. இது சென்னை வழக்கறிஞர் உலகத்தின் பழைய, நல்ல வழக்கம். மறைந்த ஒரு சீனியரின் பெயரில் குடும்பத்தார் ஒரு தொகையை வைப்பில் போடுவார்கள். அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஓர் உரை நடக்கும். நீதிபதிகள் தயாரித்துக்கொண்டு வந்து ஒன்றரை மணி நேரம் பேசுவார்கள். சட்டக் கல்வியில் இதன் பயன் குறைவானதல்ல. ஆனால் வரவேற்புரை சொல்லும் மகனும், நன்றியுரை சொல்லும் பேத்தியும் அதே நீதிமன்றத்தில் வக்காலத்து வைத்திருப்பவர்களாக இருப்பார்கள். 1997 ஆவணத்தின் 3-வது அம்சம், அதே நீதிமன்றத்தில் தொழில் செய்யும் தனிப்பட்ட வழக்கறிஞர்களோடு நெருக்கம் கூடாது என்கிறது. ஒரு நாள் மேடை நெருக்கமாகுமா? ஆகாது என்றே நினைக்கிறேன். ஆனால் உரை முடிந்தபின் அந்தக் குடும்பம் தரும் விருந்தில் உட்கார்வது வேறு கதை. இந்த வகைச் சொற்பொழிவைத் தனிக் குடும்பம் நடத்தாமல், வைப்புத்தொகையைச் சங்கத்திடமோ சட்டக் கல்லூரியிடமோ ஒப்படைத்து, பேச்சாளரை அவர்களே தேர்வு செய்தால் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

மூன்றாவது பயிற்சி மையம். உரிமையியல் நீதிபதி தேர்வு, மாவட்ட நீதிபதி தேர்வு எழுதுவோருக்கான கோச்சிங் சென்டர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை: பதவியில் இருப்பவர் அந்தப் பக்கம் போகக் கூடாது. மாவட்ட நீதிபதி தேர்வை நடத்துவதே உயர் நீதிமன்றம். உரிமையியல் நீதிபதி நியமனத்திலும் அரசியலமைப்பின் 234-வது பிரிவு அதற்குப் பங்கு கொடுத்திருக்கிறது. இலவசமாக ஒரு மணி நேரம் பேசினாலும் அடுத்த மாத விளம்பரத் தட்டியில் அவர் முகம் இருக்கும்.

2. பணம் யாருடையது?

1997 ஆவணத்தில் இதற்கு மூன்று அம்சங்கள் உள்ளன. குடும்பத்தார், நெருங்கிய உறவினர், நண்பர் தவிர யாரிடமும் பரிசோ விருந்தோம்பலோ பெறக் கூடாது (10). வியாபாரத்தில் ஈடுபடக் கூடாது. சட்டநூல் வெளியிடுவதும் பொழுதுபோக்கு முயற்சியும் வியாபாரமாகாது (13). எந்த நோக்கத்துக்காகவும் நிதி திரட்டலில் பங்கேற்கக் கூடாது (14).

10-வது அம்சத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் கல்லூரி கொடுக்கும் மதியச் சாப்பாடுகூடத் தப்பாகிவிடும். நடைமுறையில் யாரும் அப்படிப் படிப்பதில்லை. நிகழ்ச்சிக்கு ஏற்ற சிறு நினைவுப் பொருளைப் பெங்களூர் கோட்பாடுகளும் அனுமதிக்கின்றன. எல்லைக்கோடு எங்கே? பொன்னாடையும் ஒரு புத்தகமும் ஒரு பக்கம். வெல்வெட் பெட்டிக்குள் வெள்ளிக் குத்துவிளக்கு, மனைவிக்குப் பட்டுப்புடவை, இரண்டு இரவு ரிசார்ட் அறை இன்னொரு பக்கம். நடுவில் கிடப்பது விமான டிக்கெட். வெளியூரில் நடக்கும் ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் வைத்துத் தகராறு தீர்ப்பது) மாநாட்டுக்கு டிக்கெட்டும் நட்சத்திர ஓட்டலும் யார் செலவு என்று கேட்டால் 'மாநாட்டுக் குழு' என்பார்கள். குழுவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது மேடைக்குப் பின்னால் தொங்கும் பேனரின் அடிவரிசையில் இருக்கும்: சட்ட நிறுவனங்கள், கட்டுமான நிறுவனங்கள், காப்பீட்டு நிறுவனங்கள் ஆகியவற்றின் சின்னங்கள். அவர்களில் பாதிப் பேர் ஆர்பிட்ரேஷன் தீர்ப்பை எதிர்த்தோ ஆதரித்தோ அதே நீதிமன்றத்தில் நிற்பவர்கள்.

எழுத்தும் பணமும் சேர்ந்து நெருக்கடியான நிகழ்வு ஒன்று உண்டு. 1995-ல் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த ஏ.எம். பட்டாச்சார்ஜியின் சட்டநூலுக்கு ஒரு வெளிநாட்டுப் பதிப்பகம் 80,000 டாலர் உரிமைத்தொகை கொடுத்தது. அந்த நூலுக்கு அது பொருந்தாத தொகை என்று வழக்கறிஞர் சங்கம் குற்றம்சாட்டியது. அவர் பதவி விலகினார். விலகிவிட்டதால் குற்றச்சாட்டு உண்மையா என்பதற்குள் உச்ச நீதிமன்றம் போகவில்லை. இது தொடர்பான ரவிச்சந்திரன் ஐயர் வழக்கில், புகாரைச் சங்கம் தெருவுக்குக் கொண்டுவராமல் தலைமை நீதிபதியிடம் எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று மட்டும் வகுத்தது. நூல் எழுதுவது அனுமதிக்கப்பட்டதுதான். கேள்வி தொகையின் அளவிலும், கொடுத்தவர் யார் என்பதிலும் வந்தது.

3. என்ன பேசுகிறார்?

8-வது அம்சம் இரண்டைத் தடுக்கிறது: அரசியல் விஷயம், நிலுவையில் உள்ள அல்லது நீதிமன்றத்துக்கு வரக்கூடிய விஷயம். 'வரக்கூடிய' என்ற சொல்தான் வில்லங்கம். சட்டத்தில் நாளைக்கு வழக்காக வராதது எது?

உதாரணத்துடன் பார்க்கலாம். 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்தன. அவற்றை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுக்களும் தாக்கலாயின. ஒரு நீதிபதி ஜூனியர்களுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவைப் பாடமாக எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மின்னணுப் பதிவுகளுக்கான பழைய 65-பி சான்றிதழ் போய் இப்போது 'ஏ', 'பி' என இரண்டு பகுதிகள் வந்திருக்கின்றன. 'ஏ' பகுதியைப் பதிவைத் தாக்கல் செய்பவரும், 'பி' பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடான ஹேஷ் மதிப்பை எழுத மறந்தால் எதிர்த்தரப்பு முதல் ஆட்சேபத்தை அங்கேதான் வைக்கும் என்று சொன்னால், அது பாடம். 'இந்தச் சட்டங்கள் செல்லாது' அல்லது 'செல்லும்' என்று சொன்னால், அது தேதி குறிக்காத தீர்ப்பு.

தீர்ப்பில் ஏற்கெனவே எழுதிய கருத்தை மேடையில் விளக்குவது தவறில்லை. 2019-ல் இந்தூர் வளர்ச்சி ஆணைய வழக்கில், முந்தைய தீர்ப்பில் சட்டக் கருத்து சொன்னவர் என்பதற்காக நீதிபதி விலகத் தேவையில்லை என்று சொல்லப்பட்டது. மேடைப் பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு அப்படியே கிடைக்காது. தீர்ப்பு இரு தரப்பையும் கேட்டபின் எழுதப்படுவது. மேடையில் எதிர்வாதம் செய்ய யாரும் இல்லை.

பேட்டி இன்னும் ஆபத்தானது. தன் முன் இருந்த வழக்கு தொடர்பாக கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தொலைக்காட்சியில் பேசியதால், அந்த வழக்கை வேறு நீதிபதிக்கு மாற்றும்படி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஓர் அமைப்பின் சட்டப் பிரிவுக் கூட்டத்தில் பேசிய பேச்சு, பதவி நீக்கத் தீர்மான நோட்டீஸ் வரை போனது. கூட்டத்துக்கு வைத்த தலைப்பு சட்டத் தலைப்புதான்.

4. எப்போது?

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். வேலை நாளில் பதினொன்றரை மணிக்குக் கல்லூரி விழாவில் இருந்தால் அந்த நேரத்தில் கோர்ட் ஹால் காலி. சனி, ஞாயிறு, மே மாத விடுமுறை ஆகியவையே பொருத்தம். விடுமுறைக் கால அமர்வில் பணி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டு வழக்குகள், இரண்டு முடிவுகள்

நம் ஊரில் கருத்தரங்குக்குப் போனதை வைத்து விரிவான தீர்ப்புகள் குறைவு. அமெரிக்காவில் இரண்டு உள்ளன. அருகருகே வைத்துப் படிக்க வேண்டியவை.

முதலாவது, பள்ளிக்கூடக் கட்டடங்களில் இருந்த ஆஸ்பெஸ்டாஸை அகற்றும் செலவைக் கேட்டுத் தயாரிப்பு நிறுவனங்கள் மீது போட்ட வழக்கு. ஆஸ்பெஸ்டாஸின் தீங்கு பற்றிய அறிவியல் மாநாடு ஒன்றுக்கு, வழக்கில் வந்த சமரச நிதியிலிருந்து 50,000 டாலர் கொடுக்க நீதிபதி அனுமதித்திருந்தார். பிறகு அந்த மாநாட்டுக்கு அவரே போனார். அங்கே பேசியவர்களில் பலர் வழக்குத் தொடுத்த தரப்பின் நிபுணர் சாட்சிகள். 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விலக்கியது. அவர் நேர்மையில் யாரும் குறை சொல்லவில்லை. குறுக்கு விசாரணை இல்லாமல் ஒரு தரப்புச் சாட்சியத்தைக் கேட்டுவிட்டார் என்பதே குறை.

இரண்டாவது, ஈக்வடார் மக்கள் டெக்சகோ எண்ணெய் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு. நீதிபதி ஜெட் ராகாஃப், 1998-ல் மொன்டானாவில் நடந்த சுற்றுச்சூழல் கருத்தரங்குக்குப் போயிருந்தார். நடத்திய அமைப்புக்கு டெக்சகோ பொது நன்கொடை கொடுத்திருந்தது. நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ஒருவர் அங்கே பேசவும் செய்தார். 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விலகத் தேவையில்லை என்றது. கருத்தரங்கில் பேசப்பட்டவை வழக்கின் பிரச்சினைகள் அல்ல. நன்கொடையும் சிறியது, மறைமுகமானது.

இந்த இரண்டையும் பிரிப்பது தலைப்புக்கும் வழக்குக்கும் உள்ள தூரம், பணம் கொடுத்தவருக்கும் வழக்குக்கும் உள்ள தூரம். வழக்கு நிலுவையில் இருந்தது, மாநாட்டுக்குப் போனது ஆகிய இரண்டும் இரண்டிலும் பொதுவாகவே இருந்தன.

இந்த மாதிரி சர்ச்சைகளுக்குப் பின் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் 2007 முதல் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தன. தனியார் நடத்தும் கருத்தரங்குக்கு வேறொருவர் செலவில் நீதிபதி போவதானால், நடத்துபவர் நிதி எங்கிருந்து வருகிறது, தலைப்புகள் என்ன என்பதை முன்கூட்டியே வெளியிட வேண்டும். போய்வந்த நீதிபதி 30 நாளுக்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும். கற்பித்தலுக்கு ஊதியம் வாங்கலாம்; முன் அனுமதி வேண்டும், உச்சவரம்பும் உண்டு.

நம் 1997 ஆவணத்தின் 16 அம்சங்களில் தடைகள் ஏராளம். 'எங்கே போனேன், யார் அழைத்தார்கள், செலவு யாருடையது' என்று வெளியிடச் சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கணிப்பு. விருந்தோம்பலே கூடாது என்று எழுதி வைத்தால் யாரும் அதை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்ற முடியாது. பின்பற்ற முடியாத விதி எங்கே மீறப்படுகிறது என்பதும் தெரியாது. தேதி, நடத்தியவர், தலைப்பு, பயணச் செலவு கொடுத்தவர், பெற்ற நினைவுப் பொருள் என ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு பதிவேடு உயர் நீதிமன்ற இணையதளத்தில் இருந்தால் வாட்ஸ்அப் படத்துக்கு வேலையே இருக்காது.

மீறினால் என்ன ஆகும்?

படிப்படியாக மேலே போகும், ஆனால் நடுப்படிகள் குறைவு.

1. விலகல் மனு. அதே நீதிபதியே கேட்டு முடிவெடுப்பார். நியாயமான மனிதருக்குச் சார்பு பற்றிய அச்சம் எழுமா என்பதே அளவுகோல். சார்பு உண்மையில் இருந்ததென்று நிரூபிக்க வேண்டியதில்லை.
2. எந்த நீதிபதி எந்த வகை வழக்கைப் பார்ப்பார் என்ற ரோஸ்டரைத் தலைமை நீதிபதி மாற்றுவது. சத்தமில்லாமல் நடக்கும், காரணம் எழுதப்படாது.
3. 1999 முதல் நடைமுறையில் உள்ள உள்விசாரணை. புகார் தலைமை நீதிபதியிடம் போகும். தேவையென்றால் நீதிபதிகள் குழு அமையும்.
4. பதவி நீக்கம். நோட்டீஸுக்கே மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்து வேண்டும்.

ஒரு தவறான விருந்துக்கு முதல் படி சிறிது, நாலாவது படி மிகப் பெரிது. எச்சரிக்கை, அபராதம் போன்றவை உயர் நீதிமன்ற நீதிபதிக்கு இல்லை. மாவட்ட நீதிபதிக்கோ அவை எல்லாம் உண்டு.

அழைப்பவர்கள் கவனத்துக்கு

கல்லூரியோ சங்கமோ நீதிபதியை அழைக்கும்போது தப்பு நடப்பது பெரும்பாலும் கவனக்குறைவால்தான்.

1. கடிதத்தில் நடத்துபவரின் முழுப் பெயர், அறங்காவலர்கள், நிதி கொடுப்போர், மேடையில் உட்காரப்போகிறவர்கள் பட்டியல் இருக்கட்டும். சிறப்பு விருந்தினருக்குப் பக்கத்து நாற்காலியில் யார் என்பதை விழா அன்று சொல்வது சரியல்ல.
2. அந்த நீதிமன்றத்தில் உங்கள் குழுமத்துக்கு நிலுவையில் உள்ள வழக்குகளை எண்ணோடு எழுதுங்கள். ஒன்றுமில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.
3. மூன்று மாதத்துக்கு முன்பே தேதி வாங்கினால், விழாவுக்கு ஒரு வாரம் முன் மறுபடி சரிபாருங்கள். இடையில் ரோஸ்டர் மாறி, அன்று கிரிமினல் பார்த்தவர் இன்று கல்வி வழக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.
4. நன்கொடையாளர் கௌரவிப்பை அதே மேடையில் வைக்காதீர்கள். நன்கொடைக் காசோலையை நீதிபதி வாங்குவது போன்ற படம் 14-வது அம்சத்தோடு மோதும்.
5. முழு உரையையும் பதிவு செய்து வைத்திருங்கள். 40 விநாடித் துண்டு சுற்றும்போது முழுப் பதிவுதான் காப்பாற்றும்.
6. கேள்வி நேரம் இருந்தால் சீட்டில் எழுதி வாங்கி, நிலுவை வழக்கு பற்றியதை முன்பே பிரித்துவிடுங்கள்.

எதிர்த்தரப்புக்குத் தெரிந்தால்?

உங்கள் எதிராளி நடத்திய விழாவில் நீதிபதி பேசியது உங்களுக்குத் தெரியவருகிறது. முதலில் வழக்கறிஞர் மூலம் திறந்த நீதிமன்றத்தில் மரியாதையாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான நீதிபதிகள் அப்போதே வேறு பெஞ்சுக்கு அனுப்பிவிடுவார்கள். 'வரும் உத்தரவைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்' என்று காத்திருந்தால் கதவு மூடிவிடும். 1957-ல் மானக் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு வழக்கறிஞர் மீதான புகாரை விசாரித்த தீர்ப்பாயத்தின் அமைப்பு சரியில்லை என்றே ஏற்றுக்கொண்டது. ஆனால், விவரம் தெரிந்தும் ஆரம்பத்தில் ஆட்சேபம் சொல்லாமல், பாதகமான அறிக்கை வந்தபின் கிளப்புவது ஆட்சேபத்தைக் கைவிட்டதற்குச் சமம் என்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆகவே புகைப்படம் கிடைத்த தேதியைக் குறித்து வையுங்கள். எதிர்வாதம் அங்கிருந்துதான் தொடங்கும்.